சூன் என்றால் எத்தனை நாள்

லான்சோவிலிருந்து கிழக்கே போகும் பச்சை ரயிலுக்கு
அவசரம் கிடையாது.
வேக ரயில்கள் கடந்து போகும்வரை
ஒதுங்கி நிற்கும்,
பெரிய இடத்துக் கல்யாணத்தில் தூரத்து உறவுபோல.

எதிர் இருக்கைக்காரர்
சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்தபடி கேட்கிறார்:
எந்த நாடு, மாதம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா.
மூன்றாவது கேள்வி முடிவதற்குள்
ஒரு பிடி விதை என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

நான் படிப்பது மண்ணியல்.
ஜன்னலுக்கு வெளியே ஓடுவது என் பாடப்புத்தகம்:
எங்கிருந்தோ காற்று தூக்கிவந்து கொட்டிய
மஞ்சள் மண், மலை மலையாக.
அதில் இப்போது உருளைக்கிழங்கு விளைகிறது.

ஞாயிறுகளில் ஊர் சுற்றுவேன்.
தியென்ஷுயியில் பாறைச் சிலைகளைப் பார்க்கப் படியேறி
இரண்டு நாள் முட்டி வலி.
ஷியாஹேயில் ஒரு பிக்கு
என் குடையைக் கடன் வாங்கிப் போனார்,
மழை நின்றபின் திருப்பித் தந்தார்,
உள்ளே இரண்டு ஆப்பிள்.

சனிக்கிழமை மட்டும் லோங்ஷி.
ஹாட்பாட் கடைக்கு மேல்மாடி,
மிளகாய் நெடியில் முதல் பத்து நிமிடம் எல்லோரும் தும்முவோம்.
மாணவர் விசாவில் வேலை செய்யக்கூடாது.
ஆகவே நான் வேலை செய்யவில்லை.
திருமதி ஷியாங்கின் விருந்தாளி நான்.
தற்செயலாக அங்கே பதினொரு பிள்ளைகள் இருப்பார்கள்,
தற்செயலாக ஒரு வெள்ளைப் பலகை.
புறப்படும்போது என் பையில் ஒரு உறையும்
உப்புக்கண்டம் ஒரு துண்டும்
தற்செயலாக விழும்.

முதல் வாரம், கீழே கடையில்,
தண்ணீர் விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.
பிள்ளைகள் திருத்தினார்கள்:
மாய். குரல் குழிந்து எழுந்தால் வாங்கு,
நேரே விழுந்தால் வில்.
பதினொரு விரல்கள் காற்றில் குழி பறித்துக் காட்டின.
அன்றைக்கு யார் யாருக்கு வாத்தியார் என்று
யாரும் கேட்கவில்லை.

மூயாங்குக்கு ஒன்பது வயது.
ஆப்பிள் வேண்டாம், வானவில் வேண்டாம் அவனுக்கு.
ஒரே ஒரு வாக்கியம் வேண்டும்:
நீ எப்போது வருவாய்.

வென் ஆர் யூ கமிங், என்றேன்.
நாற்பது தடவை சொல்லிப் பார்த்தான்,
ஆர் மட்டும் நாக்கில் தடுக்கியது.
எதற்கு என்று கேட்டேன்.
அம்மா தொங்குவானில் ஷூ ஒட்டுகிறாள்.
நம் பேச்சில் கேட்டால் போனில் அழுகிறாள்.
இங்கிலீஷில் கேட்டால் புரியாது, சிரிப்பாள்.

சிரித்தாளாம்.

அடுத்த சனிக்கிழமை
செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.
அம்மாவும் யாரிடமோ கேட்டுப் படித்துக்கொண்டு
ஒரு சொல் அனுப்பியிருக்கிறாள்:
சூன்.
சூன் என்றால் எத்தனை நாள்?

பலகையில் ஒரு கோடு இழுத்தேன்.
இந்த முனை இன்று, அந்த முனை வசந்த விழா.
மார்க்கரை அவர்களிடமே கொடுத்தேன்.
ஒருத்தி நடுவில் புள்ளி வைத்தாள்.
ஒருவன் கோடு போதாது என்று
சுவரில் தொடர்ந்தான்.
பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:
சூன் என்றால் மாஷாங்தானே!

மூயாங் தலையாட்டி மறுத்தான்.
இல்லை. மாஷாங் அம்மா போன வருஷமே சொல்லிவிட்டாள்.
இது புதுச் சொல். வேறாகத்தான் இருக்கும்.
இன்றைக்கும் நாளைக்கும் இடையில்
சின்னதாக ஒரு புள்ளி வைத்தான்.
சட்டைக்கையால் அழித்து,
விரற்கடை தள்ளி வைத்தான்.
பிறகு என்னைப் பார்த்தான், சரியா என்று.

நான் மணி பார்த்தேன்.
ரயிலுக்கு நேரம், என்றேன்.

திரும்பும் வழியில் ஏதோ ஒரு சிறு நிலையத்தில்
வண்டி நின்றது.
மஞ்சள் மலைகள் இருட்டிக்கொண்டிருந்தன.
சுடுதண்ணீர் பிடிக்க எழுந்தவன்
கண்டக்டரிடம் கேட்டேன், எப்போது கிளம்பும்.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவர்.
மாஷாங், என்றார்.

எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால்
குதிரைமேல்.
ஏறி உட்கார்ந்தாயிற்று, இதோ.

ஐம்பது நிமிடம் நின்றோம்.
நூடுல்ஸ் கிண்ணத்தின் மூடியைத் திறக்காமல்
ஜன்னலில் மூக்கை ஒட்டி
குளம்புச் சத்தம் கேட்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.